தோட்டாவும் பருவமழையும்

போர்களின் வரலாற்றை எழுதுவோர் படைத்தலைவரின் பெயரைக் கூறுவர். படைக்கலங்களின் பெயரையும் கூறுவர். அப்படைக்கலத்தினுள் இட்ட தோட்டா எத்தகையது, சுடப்படுமுன் அது எத்தனை மாதம் எந்தக் கொட்டகையிற் கிடந்தது என்பவற்றைக் கூறுவோர் மிகச் சிலரே. கமக்காரனுக்கு விதைநெல் வேறு, உணவுநெல் வேறு என்பது தெரியும். நன்றாய் விளைந்த நெல்லும் ஈரம் பட்ட பெட்டகத்தில் இருந்தாற் பயன்படாது என்பதும் தெரியும். செயலுக்கேற்ற தோட்டாவைத் தெரிவதும், தெரிந்ததைக் கெடாமற் காப்பதும் இதே வகையைச் சேர்ந்த அறிவுதான். ஐரோப்பியப் படைகள் அந்த அறிவைப் பெற ஏறக்குறைய நூறாண்டு சென்றது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. அந்தப் பாடத்தின் பெரும்பகுதி கற்கப்பட்ட இடம் வெயிலும் மழையும் மாறிமாறி வரும் இந்தியாவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தோட்டா என்பது ஒரு காகிதச் சுருளே. அளந்த வெடிமருந்தும் ஓர் ஈயக் குண்டும் அதனுள் இருக்கும். போர்வீரன் காகிதத்தின் நுனியைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழாயின் வாயிற் கொட்டி, குண்டை அதன்மேல் இட்டுக் கோலினால் இடித்து இறக்குவான். அன்றைய வெடிமருந்து வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கலவை. நூறு பங்கில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பது பிரித்தானியப் படையில் வழங்கிய அளவு. இம்மருந்துக்கு உலர்ந்த இடத்தில் ஆயுள் நீண்டது; ஈரம் ஏறினாலோ அது கட்டிபட்டு வலுவிழக்கும். ஆகவே மருந்து காப்போன் செய்ய வேண்டிய முதல் வேலை ஈரத்தை விலக்குவதாய் இருந்தது.

குழாயின் உட்புறத்தில் திருகுசுருளாய் வரிப்பள்ளம் வெட்டிய துவக்கே றைபிள் எனப்படும். குண்டு அப்பள்ளங்களைப் பற்றிச் சுழன்று செல்வதால் நெடுந்தூரம் நேராய்ப் போகும். 1849இல் பிரான்சு நாட்டின் மினியே என்னும் படையதிகாரி அமைத்த குண்டு, குழாய்க்குள் இலகுவாய் இறங்கி, மருந்து வெடித்ததும் அடிப்புறம் விரிந்து பள்ளங்களைப் பற்றியது. பிரித்தானியப் படை 1853இல் ஏற்ற என்பீல்ட் றைபிள் இம்முறையைத் தழுவியது. அதன் குழாய் விட்டம் 0.577 அங்குலம். குண்டு வழுக்கி இறங்குவதற்குத் தோட்டாவின் குண்டுப்பக்கத்துக் காகிதத்திற் கொழுப்புப் பூசப்பட்டது. ஈரம் உட்புகாமற் காப்பதற்கும் அப்பூச்சு உதவியது.

இந்தக் கொழுப்பு இந்திய வெயிலை எவ்வாறு தாங்கும் என்று அறிய விரும்பிய அதிகாரிகள், 1853இல் இங்கிலாந்திலிருந்து பரீட்சைக்காகச் சில தோட்டாக்களை அனுப்பினர். அவற்றைக் களஞ்சியத்தில் வைத்தும் சிப்பாய்களின் பைகளிற் கொடுத்தும் சோதித்தனர். கொழுப்பு உருகுமா, காகிதம் கெடுமா, மருந்து நனையுமா என்பனவே அவர்கள் கேட்ட கேள்விகள். தோட்டாவைக் கடிக்கப் போகிறவன் யார், அவன் வாயில் எது படலாகாது என்னும் கேள்வியை அவ்வாண்டிலேயே வங்காளப் படையின் அதிகாரியான கர்னல் டக்கர் எழுப்பினார். சிப்பாய்களின் சமயத்துக்கு ஊறு விளைக்காத கொழுப்பே பூசப்பட வேண்டுமென அவர் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை காகிதக் கட்டுகளுக்குள் மறைந்தது.

1857ஆம் ஆண்டு சனவரி மாதம் கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் என்னும் இடத்தில், புதிய தோட்டாவிற் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் உள்ளன என்ற பேச்சுப் பரவிற்று. அரசினர் விரைந்து மாற்றுவழி கூறினர். கொழுப்புப் பூசாத தோட்டா வழங்கப்படும், சிப்பாய்கள் தாம் விரும்பியதைப் பூசிக்கொள்ளலாம் என்றனர். பின்னர் பல்லாற் கடியாமற் கையாற் கிழிக்கலாம் என்றும் இணங்கினர். ஆயினும் சந்தேகம் நீங்கவில்லை. ஏப்பிரல் 24ஆம் நாள் மீரட் நகரில் அணிவகுத்து நின்ற குதிரைப்படையினர் 90 பேரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அன்று அவர்களுக்கு நீட்டப்பட்டவை அவர்கள் நெடுநாள் வழங்கிய பழைய வகைத் தோட்டாக்களே. நம்பிக்கை கெட்டபின் நல்ல தோட்டாவும் தீட்டுப்பட்டதாயிற்று. மே 9ஆம் நாள் அவர்கள் விலங்கிடப்பட்டனர். 10ஆம் நாள் மீரட் கிளர்ந்தெழுந்தது. அப்பெருங் கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல உண்டு. தோட்டா மட்டுமே காரணம் என்று வரலாற்றாசிரியர் எவரும் கூறார். எனினும் ஒரு பொருளைத் தெரியும்போது அதனைக் கையாள்பவனையும் நினைக்க வேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று இல்லை.

காகிதத் தோட்டாவின் காலம் அதன்பின் நெடிது நீடிக்கவில்லை. 1866இல் வழக்குக்கு வந்த சினைடர் றைபிளுக்கு, வூல்விச் ஆய்வுசாலையின் தலைவரான பொக்சர் என்பவர் பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த ஒரு கோதினை அமைத்தார். குண்டு, மருந்து, அதனைப் பற்றவைக்கும் கேப்பு ஆகிய மூன்றும் அக்கோதினுள் ஒன்றாயின. கடிக்கவும் வேண்டாம், கொட்டவும் வேண்டாம். 1871இல் ஏற்கப்பட்ட மார்ட்டினி ஹென்றி றைபிளும் இவ்வகைக் கோதினையே பயன்படுத்தியது.

இங்கேதான் பயனுக்கேற்ற தோட்டா என்னும் எண்ணம் படைக் களஞ்சியத்தில் தெளிவாய் உருப்பெறுகின்றது. மார்ட்டினி ஹென்றி காலாட்படைத் தோட்டாவில் 480 கிறெயின் எடையுள்ள குண்டும் 85 கிறெயின் மருந்தும் இருந்தன. கிறெயின் என்பது ஓர் இறாத்தலில் 7,000இல் ஒரு பங்கு. குதிரைவீரன் ஏந்திய குட்டைத் துவக்குக்கு இத்தோட்டா பொருந்தவில்லை. துவக்கு இலேசாயின் அது பின்னோக்கி உதைக்கும் உதை கடுமையாகும். ஆகவே அவனுக்கென 410 கிறெயின் குண்டும் 70 கிறெயின் மருந்துங்கொண்ட வேறொரு தோட்டா செய்யப்பட்டது. புறத்தோற்றத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. களஞ்சியக்காரன் பெட்டியின் மேலுள்ள எழுத்தைக் கவனியாது வழங்கினால், குதிரைவீரனின் தோள் அதனை உணரும்.

அக்காலத்துத் தோட்டாப் பெட்டி உறுதியான மரத்தாற் செய்யப்பட்டு, செப்புப் பட்டை இரண்டு கட்டப்பெற்று, உள்ளே ஈரம் புகாத தகர உறை இடப்பட்டிருந்தது. பத்துத் தோட்டா அடங்கிய காகிதப் பொதிகளாக ஒரு பெட்டியில் 600 தோட்டாக்கள் இருந்தன. நடுவிலுள்ள சிறு மூடியை ஓர் ஆணி தாங்கி நின்றது. 1879ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள், தென்னாபிரிக்காவின் இசாண்டில்வானா என்னுமிடத்திற் சூலுப் படைகள் பிரித்தானியப் பாசறையை வென்றன. பாசறைப் பக்கத்தார் 1,300 பேருக்குமேல் அங்கே மடிந்தனர். பெட்டிகளின் ஆணியைக் கழற்ற முடியாமற் தோட்டா தீர்ந்து மாண்டனர் என்ற கதை நெடுங்காலம் வழங்கிற்று. பிற்கால ஆய்வாளர் இதனை ஏற்பதில்லை. மூடியின் ஓரத்தில் ஓங்கி அடித்தால் அது பெயர்ந்து விடும். படைவரிசை பாசறையிலிருந்து வெகுதூரம் விலகி மெல்லியதாய் விரிந்து நின்றதும், சூலுப் படையின் தொகையும் அதன் திறமான வியூகமுமே தோல்விக்கு ஏற்ற விளக்கம் என்பர். எனினும் அக்கதை இத்தனை காலம் நிலைத்ததில் ஓர் உண்மை உண்டு. ஒவ்வொரு வீரனும் 70 தோட்டாக்களைச் சுமந்து செல்கின்றான். எழுபத்தொன்றாவது தோட்டா களஞ்சியத்திலிருந்தே வரவேண்டும் என்பதை எல்லோரும் அறிவர்.

சுருட்டிய பித்தளைக் கோதின் குறை பாலைவனத்தில் வெளிப்பட்டது. 1885ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் சூடானில் அபூகிளே என்னுமிடத்தில் நடந்த போரிற் பல றைபிள்கள் இடைநடுவில் இயங்காது நின்றன. மெல்லிய தகட்டுக் கோது சுட்ட குழாயில் ஒட்டிக்கொண்டது. மணலும் மருந்துக் கசடும் அதனை இன்னும் இறுக்கின. பெட்டியிலும் பையிலும் உராய்ந்து நசுங்கும் குறையும் அக்கோதுக்கு இருந்தது. இதற்கு மாற்றாக ஒரே பித்தளைத் துண்டை அச்சிலிட்டு இழுத்து நீட்டிச் செய்த தையலற்ற கோது வழக்குக்கு வந்தது. அது வலியது, வழுவழுப்பானது, எளிதில் நசுங்காதது. தோட்டாவின் குறைகளெல்லாம் தீர்ந்தன என்று பலர் எண்ணியிருக்கலாம்.

இந்தியாவின் பருவமழை அவ்வெண்ணத்தைக் குலைத்தது. மழைமாதங்களிற் படை நடமாட்டம் குறையும். அக்காலத்தில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தனர். கூரை நல்லது, மழை ஒழுகாது, வேறு இடமும் இல்லை. மழை ஓய்ந்து பெட்டிகளைத் திறந்தபோது, பித்தளைக் கோதுகள் பல வெடித்திருந்தன. எவரும் அவற்றைச் சுடவில்லை; எவரும் அவற்றைத் தட்டவில்லை. குண்டைக் கவ்விப் பிடித்திருந்த கழுத்துப் பகுதியிலேயே வெடிப்புகள் மிகுதியாய்க் காணப்பட்டன. பருவத்தோடு வரும் நோயாகத் தோன்றியமையால் இதற்குப் பருவ வெடிப்பு என்று பெயரிட்டனர்.

கழுத்து வெடித்த தோட்டாவுக்கு ஈரத்தைத் தடுக்கும் ஆற்றல் இல்லை. குண்டை இறுகப் பிடிக்கும் ஆற்றலும் இல்லை. வெடிப்பு அடிப்புறத்தில் இருக்குமாயின், சுடும்போது கொதிக்கும் வாயு சுடுவோனின் முகத்தை நோக்கிப் பின்புறமாய்ப் பீறிடவுங்கூடும். ஆகவே இது வெறும் நட்டக்கணக்கு அன்று. ஒரு வீரனின் கண்ணும் உயிரும் இதில் அடங்கியிருந்தன.

நோயின் காரணம் 1921இலேயே விளங்கிற்று. மூவர், பெக்கின்சேல், மலின்சன் என்னும் மூன்று ஆய்வாளர் அதனை விளக்கினர். பித்தளையைச் சூடேற்றாமல் அச்சில் இழுக்கும்போது, உலோகத்தின் உள்ளே ஓர் இறுக்கம் தங்கிவிடுகின்றது. வளைத்துக் கட்டிய வில்லைப் போல அக்கோது வெளிக்கு அமைதியாயிருப்பினும் உள்ளே விறைத்து நிற்கின்றது. லாயத்தில் குதிரைகளின் சிறுநீரிலிருந்து அமோனியா வாயு எழுகின்றது. மழைக்கால ஈரலிப்போடு சேர்ந்த அவ்வாயு, விறைத்து நிற்கும் பித்தளையை அரித்துப் பிளக்கின்றது. இறுக்கம் மட்டும் இருந்தாற் கோது பிளக்காது. நன்கு இளக்கிய பித்தளைமீது அமோனியா மட்டும் பட்டாலும் இவ்வாறு பிளக்காது. இரண்டும் ஓரிடத்திற் கூடியமையே கேட்டுக்குக் காரணம். இழுத்துச் செய்த கோதினை அளவான சூட்டில் வைத்து இறுக்கத்தை இளக்குவதே இதற்குரிய மருந்து. களஞ்சியத்தை லாயத்திலிருந்து பிரித்து வைத்தல் அதனினும் எளிய மருந்து. பாலைவனத்து நோயைத் தீர்த்த கோதே மழைநாட்டு நோயைக் கொண்டுவந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

கோது இவ்வாறு மாறிய காலத்திலேயே அதனுள் இருந்த மருந்தும் மாறியது. 1884இல் பிரான்சிய இரசாயன அறிஞர் வியேய் என்பார் புகை மிகக் குறைந்த புதிய மருந்தைக் கண்டார். பிரித்தானியாவில் ஏபல், டூவார் என்னும் இருவர் 1889இல் கோர்டைற் என்ற மருந்துக்கு உரிமை பெற்றனர். இடியப்பத்தின் நூல்போல நீண்ட இழைகளாய் அமைந்த இம்மருந்தில் 58 பங்கு நைத்திரோகிளிசரினும் 37 பங்கு வெடிபஞ்சும் 5 பங்கு வசலீனும் இருந்தன. 0.303 அங்குல றைபிளின் தோட்டாவில் 1891 முதல் இது வழங்கிற்று. வலிமை மிகுதி, ஆனால் அதன் கடுஞ்சூடு துவக்குக் குழாயை அரித்தது. ஆகவே 1901 முதல் நைத்திரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்து, வெடிபஞ்சை 65 பங்காக உயர்த்தினர்.

பழைய கருமருந்துக்கு ஈரம் பகை. புதிய மருந்துக்கோ வெப்பம் பெரும்பகை. வெடிபஞ்சு தன்னியல்பாகவே மெல்ல மெல்லச் சிதைவது. சிதையும்போது அமில வாயு பிறக்கும். அந்த அமிலம் சிதைவை மேலும் விரைவாக்கும். குளிர்ந்த இடத்திற் பல ஆண்டுகள் நடைபெறும் இம்மாற்றம், சூடேறிய தகரக் கூரையின் கீழ் மிக விரைவில் நடைபெறுகின்றது. இதனை முன்னறிவதற்கு ஏபல் ஒரு சோதனையை அமைத்தார். மருந்தின் சிறு மாதிரியைச் சூடாக்கி, அதன்மேல் ஒரு தாளைத் தொங்கவிட்டு, அத்தாள் நிறம் மாற எத்தனை நிமிடம் செல்கின்றது எனக் கணக்கிடுவர். நிறம் விரைவில் மாறினால் மருந்தின் ஆயுள் குறைந்தது எனக் கொள்வர். பிற்காலத்தில் அமிலத்தை ஈர்த்துக்கொள்ளும் காப்புப் பொருள்களை மருந்திலேயே சேர்க்கும் வழக்கமும் வந்தது. இந்தியாவுக்கு வேண்டிய கோர்டைற்றைச் செய்வதற்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியில் அருவங்காட்டிலே ஒரு தொழிற்சாலை எழுந்தது. தமிழ்நாட்டின் அக்குளிர்ந்த மலைச்சாரல் இவ்வரலாற்றில் இடம்பெறுவது இவ்வகையால்.

இனிக் குண்டைப் பற்றிக் கூறவேண்டும். ஒரே துவக்குக்கு எத்தனை விதமான குண்டுகள் ஏற்படலாம் என்பதற்கு 0.303 தோட்டா நல்ல எடுத்துக்காட்டு. 1890களின் பிற்பகுதியில் டம்டம் படைக்கலச் சாலையில் முனையில் ஈயம் வெளித்தெரியும் ஒரு குண்டு செய்யப்பட்டது. உடலிற் பட்டதும் அது விரிந்து கொடிய புண்ணை ஆக்கும். நாற்பதாண்டின் முன் கொழுப்புத் தோட்டாவினாற் பேர்பெற்ற அதே டம்டம், இக்குண்டினால் உலகமெங்கும் இகழப்பட்ட பெயராயிற்று. 1899ஆம் ஆண்டு யூலை 29ஆம் நாள் ஹேக் நகரிற் செய்யப்பட்ட பிரகடனம், மனித உடலில் எளிதாய் விரியும் குண்டுகளைப் போரில் விலக்கிற்று.

வேட்டையின் நீதி இதற்கு மாறானது. போரில் விலக்கப்பட்ட விரியும் குண்டே மான் வேட்டைக்கு உரியது. முழுக்கவசக் குண்டு விலங்கின் உடலைத் துளைத்துச் சென்றுவிட, அது புண்பட்டு ஓடி நெடுநேரம் துன்புற்று இறக்கும். விரியும் குண்டோ விரைவில் உயிரைப் போக்கும். ஆதலின் இங்கிலாந்தின் மான் சட்டம் 1991இல் மானைச் சுடும் றைபிள் குண்டு முனை மென்மையானதாகவோ துளையுடையதாகவோ இருக்க வேண்டும் என்று விதித்தது. யானை போன்ற தடித்த தோலும் பெருத்த எலும்பும் உள்ள விலங்குக்கு அதுவும் உதவாது. ஆழ ஊடுருவும் திண்ணிய குண்டே வேண்டும். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், இலங்கைக் காடுகளில் வேட்டையாடிய அனுபவத்தைக் கொண்டு, பெரிய விலங்குக்குக் கனத்த குண்டும் மிகுந்த மருந்தும் வேண்டுமென எழுதினார். ஒரு களத்தில் இரக்கமாவது மற்றொரு களத்திற் கொடுமையாகின்றது.

1910இல் பிரித்தானியப் படை ஏழாம் அமைப்பு என்ற தோட்டாவை ஏற்றது. முன்னைய ஆறாம் அமைப்பின் குண்டு 215 கிறெயின் எடையும் மொட்டை முனையும் உடையது. செக்கனுக்கு ஏறத்தாழ 2,060 அடி வேகத்திற் சென்றது. புதிய குண்டு 174 கிறெயின் எடையும் கூர்முனையும் உடையது. அதன் வேகம் ஏறத்தாழ 2,440 அடி. பழைய தோட்டாவுக்கு அளவிட்ட குறிகாட்டியைக் கொண்டு புதிய தோட்டாவைச் சுட்டால் தூரக்குறி தவறும். எனவே குறிகாட்டிகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. தோட்டாவைத் தெரிவது துவக்கைத் தெரிவதினின்றும் வேறாகாது என்பது இதனால் விளங்கும். 1938இல் எட்டாம் அமைப்பு வந்தது. பின்புறம் ஒடுங்கிய குண்டுடைய அத்தோட்டா, விக்கேர்ஸ் இயந்திரத் துவக்கு 4,000 யாருக்கு அப்பாலும் எட்டுவதற்காகவே அமைந்தது. கோர்டைற்றினால் தேய்ந்த சாதாரண றைபிளின் குழாயில் அது செவ்வையாய்ச் செல்லாது. ஆகவே ஒரே அளவான துவக்குகளுக்கு இருவகைத் தோட்டாக்களைத் தனித்தனியே வைத்துக் காக்க நேர்ந்தது.

கண்ணாற் காண்பதற்கு ஒன்றுபோலிருக்கும் தோட்டாக்களைப் பிரித்தறிய, கேப்பைச் சுற்றி நிற வளையம் தீட்டும் முறை வந்தது. சாதாரணக் குண்டுக்கு ஊதா. ஒளிவிட்டுச் செல்லும் குண்டுக்குச் சிவப்பு. கவசம் துளைப்பதற்குப் பச்சை. தீ மூட்டுவதற்கு நீலம். செய்த சாலையின் குறியும் ஆண்டும் கோதின் அடியிற் பொறிக்கப்பட்டன. பயிற்சிக்கு மலிவான 0.22 அங்குலச் சிறு தோட்டாவைப் பயன்படுத்துவதும் வழக்காயிற்று. இலக்குச் சுடும் போட்டியில் ஆற்றலைவிட ஒருமைப்பாடே வேண்டப்படுவது. ஒரே தொகுதியிற் செய்த தோட்டாக்கள் ஒன்றைப்போல் ஒன்று நடக்கும். பல தொகுதிகளைக் கலந்தால் குறி சிதறும். அதனாலேயே தேர்ந்த குறியாளர் தொகுதி எண்ணைக் கவனித்து வாங்குவர்.

கேப்பிலும் ஒரு மறைந்த பகை இருந்தது. பழைய கேப்பு மருந்திற் கலந்திருந்த பொற்றாசியம் குளோரேற்று, வெடித்தபின் கறியுப்பை ஒத்த ஓர் உப்பாய்க் குழாயிற் படியும். அவ்வுப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து, ஓரிரவிலேயே குழாயிற் துருவேற்றத் தொடங்கும். எண்ணெய் பூசுவதால் உப்புக் கரையாது, வெந்நீராலேயே கரையும். பிரித்தானிய வீரர் சுட்டபின் குழாயில் வெந்நீர் ஊற்றியதன் காரணம் இதுவே. துருவேற்றாத கேப்பு 1920களின் இறுதியில் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்தது. அதன் பின்னரும் பல நாட்டுப் படைகள் பழைய கேப்பை விடவில்லை. நெடுங்காலச் சேமிப்பில் அது நம்பத்தக்கது என்பதே அவர்கள் கூறிய நியாயம்.

இவ்வாறு கற்ற பாடங்களெல்லாம் திரண்டு இன்று சில எளிய விதிகளாய் நிற்கின்றன. பெட்டிகளை நிலத்திற் படாமற் கட்டைமேல் அடுக்குதல். சுவரிலிருந்து விலக்கிக் காற்றோட்டம் விடுதல். வெயிலின் சூடு நேரே தாக்காத கூரையின் கீழ் வைத்தல். உரிய பெட்டியையும் எழுத்தையும் மாற்றாதிருத்தல். பழையதை முதலிற் செலவிட்டுப் புதியதைப் பின்னர் எடுத்தல். காலந்தோறும் மாதிரியைச் சோதித்தல். குடிமனைகளுக்கு எட்டாத் தொலைவிற் களஞ்சியத்தை அமைத்தல். ஐக்கிய நாடுகள் நிறுவனம் 2011இல் வெளியிட்ட வெடிபொருட் காப்பு வழிகாட்டிகள் இவற்றையே விரிவாய் வகுத்துரைக்கின்றன. அவை ஏட்டளவில் நிற்கத்தக்கன அல்ல என்பதை இலங்கையரும் அறிவர். 2016ஆம் ஆண்டு யூன் 5ஆம் நாள் கொஸ்கமவிலுள்ள சாலாவ இராணுவ முகாமின் களஞ்சியம் வெடித்தபோது, சுற்றுப்புறத்து மக்கள் தம் வீடுகளை விட்டு இரவோடிரவாய் வெளியேற நேர்ந்தது.

மீரட்டின் காகிதத் தோட்டா, அபூகிளேயின் ஒட்டிய கோது, குதிரை லாயத்தில் வெடித்த பித்தளை ஆகிய மூன்றையும் அமைத்தோர் அறிவிற் குறைந்தவர் அல்லர். அவர்கள் தொழிற்சாலையில் நின்று தோட்டாவைப் பார்த்தனர். அது சென்று தங்கும் நாட்டையும், அதனைக் கைக்கொள்ளும் மனிதனையும் போதியவாறு பார்க்கவில்லை. படைத்தலைவனின் வாளுக்குக் கிடைத்த புகழ் களஞ்சியக்காரனின் கணக்கேட்டுக்குக் கிடைத்ததில்லை. ஆயினும், எந்தப் பெட்டி எந்த ஆண்டில் வந்தது, எங்கே கிடந்தது, எதற்கு உரியது என்று தவறாமல் எழுதிவைத்த அந்த ஏடே எத்தனையோ உயிர்களைக் காத்தது.